கடலோரப் பாடசாலை ஒன்றில் அடையாள அட்டை விண்ணப்பங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

யாழ்ப்பாண மாவட்டத்தின் 15 பிரதேச செயலகப் பிரிவுகளில் கடலை ஒட்டிய ஒன்றில் இந்தப் பாடசாலை இருக்கிறது. மீன்பிடியையும் கூலிவேலையையும் நம்பிய குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் கலவன் பாடசாலை. தரம் 11 வரை வகுப்புகள் உண்டு. அந்தக் கல்வி வலயத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்துக்கான ஆசிரிய ஆலோசகர் என்ற முறையில், பிள்ளைகளின் தேசிய அடையாள அட்டை விண்ணப்பங்களைச் சீர்செய்யும் இந்த வேலையில் நான் பங்குகொண்டேன். ஆட்களின் பெயர், பாடசாலையின் பெயர், அலுவலகங்களின் பெயர் எதையும் இங்கே குறிப்பிடவில்லை.

தேசிய அடையாள அட்டை 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் வழங்கப்படுகிறது. முன்பு 16 வயதில் விண்ணப்பித்தார்கள். இப்போது 15 வயதானதும் விண்ணப்பிக்க வேண்டும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் பிள்ளை தன்னை இன்னார் என்று காட்டும் முதன்மையான ஆவணம் அந்த அட்டைதான். பாடசாலைப் பிள்ளையின் விண்ணப்பத்தை அதிபரே உறுதிப்படுத்தி ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு அனுப்புவார். காகிதத்தில் பார்த்தால் இலகுவான வேலை.

ஆனால் 2023 இல் பத்தாம் தரத்தில் இருந்த பிள்ளைகள் பெரும்பாலும் 2008 இல் பிறந்தவர்கள். இந்தக் கிராமங்களின் குடும்பங்கள் அந்த ஆண்டில் போரால் வன்னிக்குள் இடம்பெயர்ந்து கொண்டிருந்தன. யாழ்ப்பாணத்தைத் தெற்குடன் இணைக்கும் ஏ9 பாதை 2006 ஓகஸ்ட்டிலிருந்து மூடிக்கிடந்தது. 2009 ஜனவரி 2 ஆம் திகதி கிளிநொச்சி இராணுவத்தின் கைக்குள் போனது. அதற்குப் பிறகு சனங்கள் முல்லைத்தீவுக் கரையோரமாக ஒதுங்கி, கடைசியில் வவுனியா செட்டிகுளத்து முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு பிள்ளையின் பிறப்பு ஒரு மாவட்டத்தில் நடந்திருக்கும், பதிவு இன்னொரு மாவட்டத்தில் இருக்கும், மூலப் பத்திரம் எங்கோ தொலைந்திருக்கும். மீளக்குடியேறிய பிறகு எடுத்த பிரதியில் தாயின் பெயர் ஒரு விதமாகவும் தாயின் சொந்த அடையாள அட்டையில் வேறு விதமாகவும் கிடக்கும். இந்தப் பிள்ளைகளின் விண்ணப்பங்கள் ஏன் இழுபட்டன என்பதற்கு இந்த வரலாற்றை விட்டுவிட்டுக் காரணம் சொல்ல முடியாது.

முன்பு நடந்த விதம்

வகுப்பாசிரியர் கரும்பலகையில் தேவையான ஆவணங்களை எழுதிவிடுவார். பிள்ளைகள் கொண்டுவருவதைச் சேர்த்து ஒரு பைலில் போடுவார். எல்லாரும் தந்து முடியும்வரை பைல் காத்திருக்கும். பிறகு அலுவலக முகாமைத்துவ உதவியாளர் ஒவ்வொன்றாகப் பார்த்து, அதிபரின் கையொப்பம் வாங்கி அனுப்புவார். சில மாதங்களில் சில விண்ணப்பங்கள் குறைபாட்டுக் கடிதத்துடன் திரும்பி வரும்: பெயர் பொருந்தவில்லை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் முத்திரை தெளிவில்லை, விலாசம் முழுமையில்லை. அதற்குள் பிள்ளை பதினோராம் தரத்துக்குப் போயிருக்கும், வகுப்பாசிரியர் மாறியிருப்பார்.

பரீட்சைக்கு முன்பு அட்டை கிடைக்காத பிள்ளைகளுக்குத் திணைக்களம் அடையாளத்தை உறுதிப்படுத்தும் கடிதம் கொடுக்கும். அதனால் எவரும் பரீட்சையை இழக்கவில்லை. ஆனால் பரீட்சைக்கு முந்திய கடைசி வாரங்களில், படிக்க வேண்டிய பிள்ளை தாயுடன் அலுவலகங்களுக்கு அலைந்தது. அதைத்தான் நிறுத்த விரும்பினோம்.

கவனித்தவை

எதையும் மாற்றும் முன்பு, முந்தைய ஆண்டில் திரும்பி வந்த விண்ணப்பங்களை எடுத்துப் பார்த்தோம். அவற்றில் ஒரு மாணவியின் தாய் அடுத்த தடவை அலுவலகங்களுக்குப் போனபோது, அவரது சம்மதத்துடன் ஆசிரியை ஒருவர் கூடப் போனார். கருவாடு காயவிடும் நாட்கூலி வேலை அந்தத் தாய்க்கு. அலுவலகத்துக்குப் போகும் நாளில் கூலி இல்லை.

முதலில் கிராம அலுவலரிடம் வதிவிட உறுதிக் கடிதம். பிறகு பஸ்ஸில் பிரதேச செயலகம், அங்கே மேலதிக மாவட்டப் பதிவாளர் கிளையில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் புதிய பிரதிக்கு விண்ணப்பம். பிறகு நகரத்தில், திணைக்களத்தில் பதிவுசெய்த படப்பிடிப்பு நிலையத்தில் படம். கடைசியாகப் பாடசாலை. போன இடமெல்லாம் பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், விலாசம் என்று அதே நான்கு விவரங்களைப் புதிதாகக் கேட்டு, புதிதாக எழுதினார்கள். ஒவ்வொரு தடவை எழுதும்போதும் ஒரு எழுத்து மாற இடமிருந்தது. பாடசாலை அலுவலகத்தில் அந்தத் தாய் முகாமைத்துவ உதவியாளரிடம் சொன்னது ஆசிரியையின் குறிப்பில் அப்படியே இருக்கிறது: “தம்பி, உந்தப் பத்திரத்தைப் போன வருசமும் தந்தனான். பிள்ளை ஆறாம் வகுப்புக்குச் சேரேக்கையும் தந்தனான். இன்னும் எத்தினை தரம் நான் குடுக்கிறது?”

அவர் சொன்னது சரி. பிள்ளை பாடசாலையில் சேர்ந்த அன்றே பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் விவரங்கள் சேர்விடாப்பில் எழுதப்பட்டிருந்தன. அந்த இடாப்பு அலுமாரிக்குள் இருந்தது. அதன் கணினிப் பிரதி ஒன்றும் இருந்தது, ஆனால் யாரும் பயன்படுத்தவில்லை. ஏன் என்று பிறகு தெரிந்தது.

தேவையான ஆவணங்கள் என்று கரும்பலகையில் எழுதப்பட்டு வந்த பட்டியலையும் பார்த்தோம். அதிபர் ஒவ்வொரு வரியையும் காட்டி “இது எந்தச் சுற்றறிக்கையில் இருக்கிறது?” என்று கேட்டார். ஆறு மாதத்துக்குள் எடுத்த பிறப்புப் பத்திரப் பிரதிதான் வேண்டும் என்ற வரிக்கு எவராலும் ஆதாரம் காட்ட முடியவில்லை. கிராம அலுவலரின் வதிவிடக் கடிதமும் அப்படியே. பாடசாலைப் பிள்ளைக்கு உறுதிப்படுத்தும் அலுவலர் அதிபர்தான். எப்போதோ ஒருவர் பாதுகாப்புக்காகச் சேர்த்த வரிகள் ஆண்டாண்டாக விதியைப் போல நின்றுவிட்டன. இரண்டையும் அதிபர் அன்றே நீக்கினார். இந்த முழு வேலையிலும் குடும்பங்களின் அலைச்சலை அதிகம் குறைத்தது இந்த ஒரு முடிவு என்பது என் கணிப்பு. அதற்கு ஒரு கணினிகூடத் தேவைப்படவில்லை.

செயலி வேண்டாம் என்ற முடிவு

பாடசாலையின் பழைய மாணவர்கள் சிலர் வெளிநாட்டில் கணினித்துறையில் இருக்கிறார்கள். நிலைமையைக் கேள்விப்பட்டு, ஒரு கைத்தொலைபேசிச் செயலி செய்து தரவும் சில டப்லெட்டுகள் வாங்கித் தரவும் முன்வந்தார்கள். பெற்றோர் வீட்டிலிருந்தே விவரங்களை நிரப்பலாம், ஆவணங்களைப் படமெடுத்து ஏற்றலாம் என்பது அவர்களது திட்டம். நல்ல மனத்துடன் வந்த யோசனை. 2022 இல் எரிபொருள் பங்கீட்டுக்கு க்யூஆர் குறியீடு வந்த பிறகு இந்தக் கிராமங்களிலும் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் எல்லாரும் கைத்தொலைபேசியில் பதிவு செய்து பழகியிருந்தார்கள். ஆகவே சனத்துக்குத் தெரியாது என்று அந்த யோசனையைத் தள்ள முடியாது.

தள்ளியதற்குக் காரணம் வேறு. திரும்பி வந்த விண்ணப்பங்களில் எதுவும், தாள் போய்ச்சேர நாள் எடுத்ததால் திரும்பவில்லை. பிழை முதல் நாளே தாளில் இருந்தது. அது பல மாதங்களுக்குப் பிறகு கொழும்பில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. செயலி வந்தாலும் திணைக்களத்துக்குப் போக வேண்டியது அதிபரின் கையொப்பமிட்ட தாள் விண்ணப்பம்தான். அப்படியானால் செயலியில் நிரப்புவது, பெற்றோர் அதே விவரத்தைக் கொடுக்கும் ஐந்தாவது இடமாகியிருக்கும். சரிபார்ப்பைக் கடைசியிலிருந்து தொடக்கத்துக்குக் கொண்டுவருவதுதான் தேவை என்று தீர்மானித்தோம்.

இதைப் பழைய மாணவர்களுக்கு ஒரு காணொளி அழைப்பில் விளக்கினோம். முதலில் மனச்சோர்வு இருந்தது. திரும்பி வந்த விண்ணப்பங்களைப் பெயர் மறைத்துக் காட்டியதும் ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் தந்த பணத்தில் ஒரு ஸ்கேனரும், மின்தடையில் கணினி நின்றுவிடாமல் இருக்க மின்கலச் சாதனமும் வாங்கினோம். மிகுதி, பிறப்புப் பத்திரப் பிரதிக்குப் பணம் கட்ட முடியாத குடும்பங்களுக்கு ஒதுக்கப்பட்டது.

ஒரே அட்டவணை

பத்தாம் தரத்தின் இரு பிரிவுகளுக்கும் ஒரே அட்டவணை. ஒரு பிள்ளைக்கு ஒரு வரிசை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் கையில் வைத்து, பிள்ளை உரத்து வாசிக்க ஆசிரியை தட்டச்சிடுவார். பிறகு ஆசிரியை திரையைப் பார்த்து வாசிக்க, பிள்ளை பத்திரத்தைப் பார்த்துச் சரிசெய்யும். எவருடைய நினைவிலிருந்தும் எதுவும் எழுதக்கூடாது.

சேர்விடாப்பின் பழைய கணினிப் பிரதியை இங்கே பயன்படுத்த முயன்றபோதுதான் அது ஏன் கைவிடப்பட்டது என்று விளங்கியது. அது பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டது. பாமினியில் எழுதிய ‘அம்மா’ திரையில் அம்மா என்று தெரியும். கணினிக்குள் அது சில ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே சேமிக்கப்பட்டிருக்கும். மெய்யெழுத்தின் மேல் நாம் காணும் புள்ளி அந்த அரைப்புள்ளிதான். ‘இ’ என்ற உயிரெழுத்து அங்கே ஒரு காற்புள்ளி. எனவே யாரோ முன்பு அந்தக் கோப்பைக் காற்புள்ளியால் பிரித்த பட்டியலாக மாற்றியபோது, இ-யில் தொடங்கும் பெயர்கள் எல்லாம் முதலெழுத்தை இழந்து அடுத்த நிரலுக்குத் தள்ளப்பட்டிருந்தன. பிறந்த திகதி நிரலில் பெயர்த் துண்டு, பெயர் நிரல் வெறுமை. அகரவரிசைப்படுத்தினாலும் ஆங்கில எழுத்து வரிசையில்தான் வரும். தேடினால் கிடைக்காது.

இலங்கையில் தமிழுக்கான எழுத்துக் குறியீட்டு நியமம், இலங்கை நியமம் (SLS) 1326, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோட்டைத் தழுவி 2008 இல் வந்துவிட்டது. ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பும் அதில் அடங்கும். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்பது 1988 ஆம் ஆண்டின் 16 ஆம் அரசியலமைப்புத் திருத்தத்திலேயே எழுதப்பட்ட உரிமை. அந்த உரிமை ஒரு கோப்புக்குள் போகும்போது யூனிகோட்டாக இருந்தால்தான் ஓர் அலுவலகம் எழுதியதை இன்னோர் அலுவலகம் தேடி எடுக்க முடியும். ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தட்டச்சிட்ட ஊழியர்களின் வேலை எழுத்துருவால் வீணாகிக் கிடப்பதைப் பார்க்க வருத்தமாக இருந்தது. மாற்றிக் கருவியால் யூனிகோட்டுக்குக் கொண்டுவந்து, உடைந்த வரிசைகளை மூல இடாப்புடன் ஒப்பிட்டுத் திருத்தினோம். உயர்தரத் தகவல் தொழில்நுட்பம் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த பழைய மாணவி ஒருவர் இதில் பெரும்பகுதியைச் செய்தார்.

அட்டவணையில் சில தானியங்கிச் சோதனைகள் வைத்தோம். அவற்றில் அதிகம் பயன்பட்டது பெற்றோரின் அடையாள அட்டை இலக்கச் சோதனை. பழைய ஒன்பது இலக்க எண்ணில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த மூன்றுடன் 500 கூட்டப்படும். 2016 முதல் வந்த பன்னிரண்டு இலக்க எண்ணில் ஆண்டு நான்கு இலக்கமாகும், நாள் கணக்கு அதே முறை. தாயின் எண்ணில் நாள் 500 க்குக் குறைவாக இருந்தால், தகப்பனின் எண் தவறான இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று அட்டவணை சிவப்பில் காட்டும். இதை இரண்டு வரிச் சூத்திரத்தால் செய்யலாம்.

திணைக்களத்தின் விண்ணப்பப் படிவத்தை நாங்கள் தொடவில்லை. அது கையால்தான் நிரப்பப்பட்டது. ஆனால் படிவத்தின் ஒழுங்கிலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள் அட்டவணையிலிருந்து அச்சானது. பிள்ளை அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதியது. தாயும் அதே தாளை வீட்டில் வாசித்துக் கையொப்பமிட்டு அனுப்பினார். படம் எடுக்கப் போவதைக் கடைசிக்குத் தள்ளினோம். பத்திரம் சரியில்லாத பிள்ளை முதலே பணம் செலவழித்துப் படம் எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம் என்பதற்காக.

விலாசத்தில் ஒரு சிக்கல் வந்தது. மீளக்குடியேற்றத்துக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்த குடும்பங்கள் ஒரே ஒழுங்கையை மூன்று பெயரால் எழுதின. வாக்காளர் இடாப்பில் இன்னொரு விதமாக இருந்தது. இதில் கிராம அலுவலர் பெரிதும் உதவினார். வதிவிடக் கடிதம் எழுதும் வேலை குறைந்ததை அவர் மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டு, அதற்குப் பதிலாகத் தன் பிரிவின் ஒழுங்கைகளுக்கும் வீட்டுத்திட்டங்களுக்கும் எழுத வேண்டிய சரியான வடிவத்தை ஒரு பக்கத்தில் எழுதித் தந்தார். அது அட்டவணையில் தெரிவுப் பட்டியலாக மாறியது.

பெயர்கள்

பிறப்புப் பத்திரம் தமிழில் இருந்தாலும் விண்ணப்பத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்திலும் பெயர் எழுத வேண்டும். தர்சினி என்ற பெயரின் ‘சி’யை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதலாம். ஒரு வீட்டில் அக்காவுக்கு ஒரு விதமும் தங்கைக்கு இன்னொரு விதமும் இருந்தன. இன்று ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை எழுதும் ஆங்கில எழுத்துதான் நாளை பரீட்சைச் சான்றிதழுக்கும் கடவுச்சீட்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் போகும். முன்பு இதை மேசையில் இருந்த அலுவலர் தனக்குத் தோன்றியபடி எழுதினார். இப்போது குடும்பம் தீர்மானிக்க வேண்டும் என்று முடிவெடுத்தோம். ஏற்கெனவே ஓர் ஆவணத்தில் ஆங்கிலப் பெயர் இருந்தால் அதைப் பின்பற்றலாம். இல்லாவிட்டால் தகப்பனின் அட்டையில் உள்ள எழுத்துமுறையைக் காட்டி, பெற்றோரையும் பிள்ளையையும் கேட்டு எழுதினோம்.

தாயின் பெயர் பொருந்தாத பத்திரங்களுக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. அது பதிவாளரின் வேலை. ஆனால் யார் யாருக்கு எந்தத் திருத்தம் தேவை என்ற பட்டியல் இரண்டாம் தவணைக்குள்ளேயே கையில் இருந்தது. அதை அதிபர் பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோனார். மேலதிக மாவட்டப் பதிவாளர் கிளையினர் ஒரு நாள் பாடசாலைக்கே நடமாடும் சேவையாக வந்தார்கள். கணினியில் ஏற்றப்பட்ட பதிவுகளின் பிரதியை, எந்த மாவட்டத்தில் பிறந்திருந்தாலும், தங்கள் பிரதேச செயலகத்திலேயே பெறலாம் என்பது பல பெற்றோருக்கு அன்றுதான் தெரியவந்தது. செட்டிகுளத்தில் பதிவான பிள்ளைகளின் தாய்மார் அதற்காக வவுனியாவுக்குப் போக ஆயத்தமாக இருந்தார்கள்.

பதிவே இல்லாத ஒரு பையன்

அட்டவணையில் ஒரு வரிசை வெறுமையாகவே நின்றது. 2008 இன் கடைசி மாதங்களில் வன்னியில் பிறந்த பையன். பிறந்ததை மூன்று மாதத்துக்குள் பதிவுசெய்ய வேண்டும் என்ற காலத்தில் அந்தக் குடும்பம் பதுங்குகுழிக்குள் இருந்தது. அவனிடம் இருந்தது முகாமில் கொடுத்த பிள்ளை சுகாதார வளர்ச்சிப் பதிவேடு மட்டும். அதைக் காட்டித்தான் முதலாம் தரத்தில் சேர்ந்தான். ஒன்பது ஆண்டுகள் வரவு இடாப்பில் அவன் பெயர் இருந்தது. அரசாங்கத்தின் பிறப்புப் பதிவில் இல்லை. தாய் இதைச் சொல்லக் கூச்சப்பட்டார், தன் பிழை என்று நினைத்திருந்தார்.

காலங்கடந்த பிறப்புப் பதிவுக்குச் சத்தியக் கடதாசி, கிராம அலுவலரின் அறிக்கை, தடுப்பூசிப் பதிவு, பாடசாலைச் சேர்விடாப்பின் பிரதி எல்லாம் சேர்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் மனிதர்கள் பேசி, நினைவுபடுத்தி, கையொப்பமிட வேண்டியிருந்தது. அட்டவணை செய்த உதவி ஒன்றுதான்: பரீட்சைக்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே அவன் நிலையை வெளியே கொண்டுவந்தது. பழைய முறையில் இது பதினோராம் தரத்தின் கடைசித் தவணையில் தெரியவந்திருக்கும்.

தகவல் யார் கையில்

வகுப்பாசிரியர்கள் வேலையை விரைவாக்க ஒரு வட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். பெற்றோர் பிறப்புப் பத்திரத்தைப் படமெடுத்து அதில் போடுவார்கள். இதை நாங்கள் முதல் வாரத்திலேயே நிறுத்தினோம். அந்தப் பத்திரத்தில் பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்ற கூடு இருக்கிறது. தகப்பனின் விவரம் வெறுமையாக உள்ள பத்திரங்களும் உண்டு. தகப்பன் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் அந்த வகுப்பில் இருந்தார்கள். ஊரே பார்க்கும் ஒரு குழுவில் அதைப் போடச் சொல்வது எந்த வசதிக்காகவும் செய்யக்கூடாத காரியம். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இல் 9 ஆம் இலக்கமாக நிறைவேறியிருந்தது. அது இல்லாவிட்டாலும் இந்த முடிவு மாறியிராது.

ஆவணங்கள் பாடசாலை அலுவலகத்தின் ஸ்கேனரில் மட்டும் ஏற்றப்பட்டன. அட்டவணையில் விண்ணப்பத்துக்குத் தேவையான நிரல்கள் மட்டும் வைத்தோம், தகப்பன் இருக்கிறாரா இல்லையா என்பதற்கு நிரல் இல்லை. அதைத் திறக்க அதிபர், ஆசிரியை, முகாமைத்துவ உதவியாளர் ஆகிய மூவருக்கும் மட்டுமே அனுமதி.

பெற்றோருக்கு அறிவிக்கக் குறுஞ்செய்தி முயன்றோம். தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 குறியீடுகள்தான். ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்தே ஐந்து குறியீடாகும். எனவே செய்தியைச் சுருக்கி, பிள்ளையின் சுட்டெண், கொண்டுவர வேண்டிய ஒரே பொருள், நாள் மட்டும் எழுதினோம். பழைய கைத்தொலைபேசி சிலவற்றில் கட்டங்களாகத் தெரிந்தது. அந்த வீடுகளுக்கு ஆசிரியை அழைத்துப் பேசினார். வாசலில் ஒட்டிய க்யூஆர் அறிவித்தலை எவரும் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. பெரிய எழுத்தில் அச்சிட்டுப் பிள்ளையின் கொப்பிக்குள் வைத்தனுப்பிய தாள் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

விளைவு

விண்ணப்பங்களை எல்லாரும் முடிக்கும்வரை வைத்திருக்காமல், ஆயத்தமானவற்றை உடனுக்குடன் அனுப்பினோம். குறைபாட்டுக் கடிதத்துடன் திரும்பியவை மிகச் சில. அவையும் படிவத்தில் கையொப்பம் விடுபட்டவை. 2024 ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை 2025 மார்ச்சில் நடந்தபோது அந்த வகுப்பின் மிகப் பெரும்பாலான பிள்ளைகள் அட்டையுடன் போனார்கள். பரீட்சை விண்ணப்பத்தை அதிபர் நிகழ்நிலையில் அனுப்பியபோதும் இதே அட்டவணையின் பெயர்களும் எண்களும்தான் போயின. அந்த வேலையில் முகாமைத்துவ உதவியாளருக்கு வழமையாக வரும் இரவுநேர வேலை இல்லாமல் போனது.

பதிவில்லாத பையனுக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் 2024 இல் கிடைத்தது. அதன்பிறகே அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க முடிந்ததால் அட்டை பரீட்சைக்கு வந்துசேரவில்லை. உறுதிப்படுத்தும் கடிதத்துடன் பரீட்சை எழுதினான். தாயின் பெயர்த் திருத்தம் வேண்டிய குடும்பங்களில் இரண்டு இன்னும் முடிக்கவில்லை. பிள்ளையின் அட்டை வந்துவிட்டதால் அவசரம் தணிந்துவிட்டது. இது அவர்களுக்குப் பிறகு தொந்தரவாகும், ஆகவே விடாமல் நினைவூட்டி வருகிறோம்.

அடுத்த வகுப்புக்குச் செய்யும்போது ஒரு தடங்கல் வந்தது. அட்டவணையைப் பராமரித்த ஆசிரியை இடமாற்றத்தில் வேறு வலயத்துக்குப் போனார். கோப்பு அவரது சொந்த மின்னஞ்சல் கணக்கில் இருந்தது. அவர் பொறுப்புடன் எல்லாவற்றையும் ஒப்படைத்தார். ஆனாலும் சூத்திரங்களை விளங்கிக்கொள்ளப் புதியவருக்கு ஒரு தவணை போனது. அதுவரை வகுப்பாசிரியர்கள் பழையபடி பைலுக்குத் திரும்பினார்கள்.

மாற வேண்டியவை

கோப்பு இப்போது பாடசாலையின் பெயரிலான கணக்கில் இருக்கிறது. கடவுச்சொல் அதிபரின் பெட்டகத்தில், முத்திரையிட்ட உறையில். ஒவ்வொரு நிரலுக்கும் என்ன, எங்கிருந்து எடுத்து, யார் சரிபார்க்க வேண்டும் என்பதை இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதி அலுவலகப் பொறுப்பேற்புக் கோவையில் வைத்திருக்கிறோம். பெயர்களைச் சரிபார்க்கும் வேலை பத்தாம் தரத்தில் தொடங்குவது பிந்திவிட்டது. ஆறாம் தரச் சேர்க்கையின்போதே பிறப்புப் பதிவு இலக்கத்துடன் யூனிகோட்டில் ஏற்றிவிட்டால், திருத்தம் வேண்டிய குடும்பத்துக்கு நான்கு ஆண்டு கிடைக்கும். இவ்வாண்டு ஆறாம் தரத்துக்கு அப்படித்தான் செய்யத் தொடங்கியிருக்கிறோம்.

பாடசாலையால் தனியாகச் செய்ய முடியாதவை உண்டு. பதிவாளர் கிளையின் கணினியில் ஏற்கெனவே இருக்கும் பிறப்புப் பதிவைப் பாடசாலை ஏன் தாளில் கேட்டு, மீண்டும் தட்டச்சிட வேண்டும்? பெற்றோரின் சம்மதத்துடன், பதிவு இலக்கத்தைக் கொடுத்தால் பெயரும் திகதியும் சரியா என்று ஆம், இல்லை பதில் மட்டும் தரும் ஒரு வசதி போதும். முழுப் பத்திரத்தையும் எவரும் பார்க்கத் தேவையில்லை, விவாக நிலை வெளியே வராது. வலயக் கல்வி அலுவலகத்தின் மாதாந்தக் கூட்டத்தில் இதைக் கோரிக்கையாக வைத்திருக்கிறோம்.

இந்திய மானியத்துடன் 2022 இல் உடன்படிக்கை செய்யப்பட்ட தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டம் நடைமுறைக்கு வரும்போது, இந்தப் பிள்ளைகளின் இன்றைய பெயரும் திகதியும்தான் அதற்கும் அடிப்படையாகும். அதற்கு முன்பு 2008, 2009 இல் வன்னியில் பிறந்தவர்களின் பதிவுகளைக் கிராமம் கிராமமாகத் தேடிச் சரிசெய்யும் நடமாடும் சேவை ஒன்று எங்கள் பிரிவுக்கு வேண்டும் என்று பிரதேச செயலரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம். பட்டியல் தயாரிக்க உதவ மூன்று பாடசாலைகளின் அதிபர்கள் கையொப்பமிட்டிருக்கிறார்கள்.